மாதிரிக் கால்

கடைசல்காரி முதல் நாள் வந்தபோது அவள் கையில் அளவு நாடா இல்லை. ஒரு மர உருண்டைதான் இருந்தது. பெரிய சாத்துக்குடி அளவு, அவளே கடைந்தது. மாடி நடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைப்பிடிக் கிராதியின் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே அதை வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். உருண்டை சிரமமே இல்லாமல் நுழைந்து, விளிம்பைத் தாண்டி, கீழே கூடத்தில் டொக்கென்று விழுந்து நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அவ்வளவுதான் விஷயம்," என்றாள். "உருண்டை போற இடத்துல புள்ளையோட தலை போகும். தலை போனா மிச்சமும் போகும்."

"முதல்ல வாயைக் கழுவும்மா," என்றாள் நாத்தனார், படியில் நின்றபடி. "வேலைக்கு வந்தியா, சாபம் குடுக்க வந்தியா?"

"உள்ளதைச் சொன்னேங்க. நான் சொல்லாட்டாலும் உருண்டை சொல்லும்."

சுண்டுவின் அம்மா உருண்டை போய் ஒளிந்த நாற்காலியையே பார்த்தாள். அந்த டொக் அவள் காதிலேயே கிடந்தது. அந்தச் சத்தம் வராமல் போன ஒரு நாளைத்தான் நான்கு மாதமாக அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை அப்போது. பழைய வீடு. உயரமான கூடம், அதன் சுவரை ஒட்டி ஏறும் மரப்படிக்கட்டு, மேலே கூடத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு குறுகலான நடை. படிக்கும் நடைக்கும் சேர்த்து ஒரே கிராதி. அதில் கடைந்த மரக்கால்கள், ஒரு சாண் இடைவெளியில், யாரோ சிக்கனம் பார்த்து நிறுத்தியதுபோல நின்றன. அன்று மத்தியானம் அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ அசைந்தது போலிருக்க நிமிர்ந்தாள். மூன்று வயது சுண்டு கால்களுக்கு நடுவே தலையையும் ஒரு தோளையும் வெளியே நீட்டி, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓடியிருக்க வேண்டும். கத்தியாவது இருக்க வேண்டும். அவள் நின்றாள். கையில் பாதி மடித்த துண்டு. கைகள் தன்னுடையவையாகவே தோன்றவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்கள் போல இரண்டு பக்கமும் தொங்கின. குளித்துவிட்டு அறையிலிருந்து வந்த கணவன்தான் பாய்ந்து குழந்தையை உள்ளே இழுத்தான். பிறகு கிராதிக்கு மேலாக அவளைக் குனிந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் பயந்துபோயிருந்தான். கிராதியைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து.

மறுவாரம் அவனுடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாள். அந்தச் சும்மா நான்கு மாதம் நீண்டது. நல்ல மனுஷிதான். சுண்டுவுக்குக் கதை சொல்வாள், தம்பி மனைவிக்குத் தலைவாரிவிடுவாள், தம்பியின் தொந்தியைக் கிண்டல் செய்து வீட்டையே சிரிக்க வைப்பாள். ஆனால் சுண்டுவையும் அம்மாவையும் தனியாக விட்டுவிட்டு வாசலுக்குக்கூடப் போகமாட்டாள். ஏனென்று யாரும் சொல்லவில்லை, சுண்டுவின் அம்மாவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, பாத்திரம் துடைத்துக்கொண்டே நாத்தனார் போட்டு உடைத்தாள்.

"கிராதி வேலை முடியட்டும். முடிஞ்சு ஒரு வாரம் பார்க்கறேன். எல்லாம் ஒழுங்கா இருந்தா நான் மட்டும் ஊருக்குக் கிளம்பறேன். இல்லேன்னா சுண்டுவும் என்கூட வரட்டும், பள்ளிக்கூடத்துல சேர்க்கற வரைக்கும். உனக்கும் ஓய்வு வேணும் இல்லையா?"

"சரி அண்ணி," என்றாள் அவள். வேறு என்ன சொல்ல? ஓய்வு என்ற சொல்லுக்கு அவ்வளவு கூர்மை உண்டென்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

கடைசல்காரி யோசித்துக் கணக்குப் போட்டாள். பழைய கால்கள் உறுதியாகத்தான் இருந்தன. அவற்றைத் தொட வேண்டாம், ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒன்று நட்டால் போதும். நடையில் ஏழு, படியில் பத்து.

"பழசோட புதுசு ஒத்துப்போகுமா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! மாதிரி ஒண்ணு குடுத்தாப் போதும். மூக்குல மச்சம் இருந்தா அந்த மச்சத்தையும் கடைஞ்சு குடுப்பேன். நம்ம கை அப்படி."

மாதிரிக்கு எதை எடுப்பது என்று அவள் ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் அசையாமல் நின்றன. நடையின் கோடியில், சுவரோரமாக நின்ற முதல் கால் மட்டும் பால் பல் மாதிரி ஆடியது. "இவர்தான் வரேங்கறார்," என்று சொல்லி, அதைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த இடைவெளியில் கணவன் ஒரு அட்டையைக் கட்டிவைத்தான்.

பன்னிரண்டாம் நாள் பதினேழு புதுக்கால்களும் வந்தன. காலையில் தொடங்கிய வேலை சாயங்காலம் முடிந்தது. மாதிரிக் காலும் பழைய குழிக்கே திரும்பிப்போய்ப் பசையோடு இறுகியது. கடைசல்காரி முதல் பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டு உருண்டையைச் சுண்டுவிடமே கொடுத்தாள். சுண்டு நடை முழுக்கத் தவழ்ந்து ஒவ்வொரு இடைவெளியிலும் அதை அழுத்திப் பார்த்தாள். ஒன்றில்கூட நுழையவில்லை.

"இந்தா, வீட்டு இன்ஸ்பெக்டரே சரின்னுட்டாங்க," என்றாள் கடைசல்காரி. "ஆனா மழை ஈரம். காய ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாரும் கால் மேல கை வைக்காதீங்க, தடம் விழும்."

கணவன் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டான். அவளுக்கும் நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. ஒரு வாரம். ஏழு நாள். ஏழு நாள் கை மரத்துப்போகாமல் இருந்தால் குழந்தை அவளுடையது.

மறுநாள் காலை நடையைப் பெருக்கும்போதுதான் அவள் வளையங்களைப் பார்த்தாள். புதுக்கால்கள் ஒவ்வொன்றிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நான்கு மெல்லிய பள்ள வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அழகாகத்தான் இருந்தன. பழைய கால்களில் அப்படி இருந்ததாக நினைவில்லையே என்று பார்த்தாள். இல்லை. பழையவை அந்த இடத்தில் மொழுமொழுவென்று இருந்தன. பழசு ஒன்று, வளையம் போட்டது ஒன்று, பழசு ஒன்று, வளையம் போட்டது ஒன்று என்று கிராதி நெடுகப் போயிற்று.

துடைப்பத்தை வைத்துவிட்டுக் கோடியில் இருந்த மாதிரிக் காலிடம் போய்க் குனிந்தாள். அதில் இருந்தன. ஆனால் வளையங்களாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் நான்கு சின்னக் குழிவுகள், வரிசையாக, தேய்ந்து வழுவழுப்பாக. எதிர்ப்பக்கம் ஆழமில்லாத ஒரு அகலமான தேய்வு. யாரும் செதுக்கியதில்லை அது. தேய்ந்தது. மாடிப்படியில் பாதம் பட்டுப் பட்டுப் பலகை தேயுமே, அப்படி.

அவள் தன் விரல்களைக் குழிவுகளில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரலுக்கே இடம் போதவில்லை. சின்னக் கை.

யாராவது குழந்தை உட்கார்ந்து பிடித்து விளையாடியிருக்கும் என்று எழுந்தவள், பாதியில் நின்றாள். நடையில் இருந்துகொண்டு ஒரு காலைப் பிடித்தால் உள்ளங்கை இந்தப் பக்கம் படும். விரல்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகும். இங்கே விரல் தடம் நடைப் பக்கம் இருந்தது. உள்ளங்கை பட்ட தேய்வு கூடத்துப் பக்கம் இருந்தது. பிடித்தவர் நடையில் இருக்கவில்லை. வெளியே இருந்தார். வெளியே நிற்க இடமே இல்லை. பத்தடிக்கு வெறும் காற்று.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாதிரிக்கு அடுத்து நின்ற முதல் புதுக்காலின் நான்கு வளையங்களிலும், ஈர வார்னிஷின் பளபளப்பு மங்கியிருந்தது.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். எதைத் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

யாரிடம் சொல்வது? கணவனிடம் சொன்னால் அன்று கிராதிக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை பார்ப்பான். நாத்தனாரிடம் சொன்னால் சுண்டுவின் சட்டைகள் அன்று சாயங்காலமே பெட்டிக்குள் போகும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வீட்டுக்குள் வர அந்தக் கேள்விக்கு அரை மணி போதும். பைத்தியம் பிடித்தவளும் இதையேதான் பார்ப்பாள், இப்படியேதான் மறைப்பாள் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அவள் அந்தக் குரலோடு வாக்குவாதம் செய்யவில்லை. அது சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மறுநாள் இரண்டாவது காலிலும் மூன்றாவதிலும் பளபளப்பு மங்கியிருந்தது. அதற்கு மறுநாள் நான்காவதில். நடையின் கோடியிலிருந்து படியை நோக்கி அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்? தினமும் தரை துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் சுண்டு நடையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, இடைவெளியின் வழியாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பொம்மையோடு பேசும் குரல் இல்லை அது. கேட்டு, நிறுத்தி, பதில் சொல்லும் குரல்.

"யார்கிட்டடா பேசறே?"

"அவகிட்ட."

"எவ?"

"தொங்கறாளே, அவ." சுண்டு நிமிராமலே சொன்னாள். "அவளுக்குக் கை வலிக்குதாம்மா. ரொம்ப நாளா வலிக்குதாம்."

"அங்க யாரும் இல்லடா கண்ணு."

"நீ மேலேருந்து பாக்கறே," என்றாள் சுண்டு பொறுமையாக. "படுத்துப் பாரு."

அவள் படுத்துப் பார்க்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கீழே போனாள். சமையலறையில் நாத்தனார், "என்ன மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு?" என்றாள். "வெயில் அண்ணி," என்றாள் அவள். வெளியே மூன்று நாளாக மழை.

ஐந்தாம் நாள் கடைசல்காரி இரண்டாம் பூச்சுக்கு வந்தாள். நடையில் உட்கார்ந்ததுமே கத்த ஆரம்பித்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு இப்படி வரிசையாத் தொட்டு வச்சிருக்கறது? ஏ இன்ஸ்பெக்டரம்மா, உன் வேலையா?"

சுண்டு இல்லையென்று தலையாட்டினாள். நாத்தனார் அவளைக் குளிப்பாட்ட அழைத்துப் போனதும், சுண்டுவின் அம்மா கடைசல்காரியின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். இந்த நாலு வளையம் ஏன் போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? மாதிரியில இருந்துச்சு, போட்டேன்."

"மாதிரியில வளையம் இல்லையே. நல்லாப் பாருங்க."

கடைசல்காரி நூல் கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மாதிரிக் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் கோணிற்று. "அட, என் மூளையைக் கொண்டுபோய்... தகரத்தை ஒரு பக்கம் வச்சு வடிவம் வெட்டி எடுத்தேன் பாரு, இந்தப் பக்கமா போச்சு. டிசைன்னு நெனச்சுட்டேன். கடைசல்ல ஒரு இடத்துல உளி பட்டா சுத்தி விழும்மா. மரம்தான் சுத்துதே. ஒரு பக்கத்துப் பள்ளம் பதினேழு கால்லயும் வளையமாயிடுச்சு." வாய்விட்டுச் சிரித்தாள். "மச்சத்தையும் கடைவேன்னு பீத்திக்கிட்டேன் இல்ல, கடைஞ்சே புட்டேன்!"

"அது எதனால தேஞ்சிருக்கும்?"

"கைதான். பிடி." சிரிப்பு வாயிலிருக்கும்போதே கடைசல்காரி விரல்களை அந்தக் குழிவுகளின் மேல் கொண்டுபோனாள். வலது பக்கமிருந்து வைத்தாள். இடது பக்கமிருந்து வைத்தாள். பிறகு கிராதிக்கு மேலாகக் கையை வெளியே விட்டு, வெளிப்பக்கமாகக் கீழே இறக்கி, அங்கிருந்து பிடித்துப் பார்த்தாள். அவள் பருத்த விரல்கள் குழிவுகளுக்குள் அடங்கவில்லை, ஆனால் பிடித்த பக்கம் சரியாகப் பொருந்தியது. சிரிப்பு நின்றது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாள் பிடிச்சா இப்படித் தேயும்?" என்று அவள் கேட்டாள்.

"நல்ல வைரம் பாஞ்ச மரம்மா இது. ஒரு நாள் ரெண்டு நாள் பிடியில தேயாது." கடைசல்காரி கையை மெதுவாக வெளியே எடுத்தாள். "வருஷம் ஆகும். விடாமப் பிடிச்சிருந்தா."

இரண்டாம் பூச்சை அவசர அவசரமாக அடித்தாள். போகும்போது வாசலில் நின்று, "வேணும்னா வளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துடலாம். கால் கொஞ்சம் மெலியும், உருண்டை போகுதான்னு பார்த்துக்கோ," என்றாள். உப்புத்தாள் கட்டு ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

முன்பு ஒரே ஒரு காலில், ஒரே ஒரு பக்கம் பிடி இருந்தது. இப்போது எல்லாக் கால்களிலும், எல்லாப் பக்கமும் பிடி. வெளியே இருப்பவர் உள்ளே திரும்பவும் அதே பிடி போதும். இதைத்தான் அன்று முழுக்க அவள் மனம் மென்றுகொண்டிருந்தது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்று, அவளே பதினேழு பிடி செய்து கொடுத்திருக்கிறாள்.

ஆறாம் நாள் காலை நடையின் ஏழாவது காலும் மங்கியிருந்தது. இனிப் படிதான். மத்தியானம் நாத்தனார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவள் படியின் மேல்பகுதியில் உட்கார்ந்து, அடுத்த மூன்று கால்களின் வளையங்களை உப்புத்தாளால் தேய்த்தாள். இறுகாத வார்னிஷ் உருண்டு உருண்டு வந்தது. வெறி பிடித்த மாதிரி தேய்த்தாள். மரம் வெள்ளையாகி, தூள் மடியில் கொட்டியது. மூன்றாவதை முடித்து நிமிர்ந்தபோது படியின் அடியில் நாத்தனார் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"இது என்ன புது வேலை?"

"சிராய்... சிராய் குத்துது அண்ணி. சுண்டு கையில பட்டுடும்."

நாத்தனார் மூன்று கால்களையும் பார்த்தாள். அவள் மடியைப் பார்த்தாள். விரல் நுனிகளில் கசிந்த ரத்தத்தைப் பார்த்தாள். "எழுந்து போய்க் கையைக் கழுவு," என்றாள், மிகவும் மெதுவாக. அந்த மென்மைதான் பயமாக இருந்தது. சாயங்காலம் கணவனும் அக்காவும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவன் அவள் தட்டிலேயே கண்ணை வைத்திருந்தான்.

ஏழாம் நாள் மத்தியானம் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டுட்டு வந்துடறேன்," என்றாள்.

"எத்தனை சீட்டு அண்ணி?"

"முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன்." அது பதில் இல்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளையும் சுண்டுவையும் தனியாக விட்டுப் போகிறாள். கடைசிப் பரீட்சையா, கடைசி இரக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. எதுவானாலும் முக்கால் மணி நேரம் தவறு நடக்கக் கூடாது. சுண்டு மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கூடத்து நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்து உட்கார்ந்தாள்.

கடிகாரம் ஒரு கால் மணி நகர்ந்திருக்கும்.

"அம்மா."

நிமிர்ந்தாள். படி தொடங்கும் இடத்தில், நடையின் முடிவில், சுண்டு குப்புறப் படுத்திருந்தாள். தலை வெளியே வரவில்லை, வர முடியாது. ஆனால் வலது கை தோள்வரை இடைவெளிக்கு வெளியே நீண்டிருந்தது. அந்தக் கை சும்மா தொங்கவில்லை. விறைத்து, நேராகக் கீழே இழுபட்டிருந்தது. சுண்டுவின் கன்னம் கால்களில் அழுந்திப் பிதுங்கியது. கண்ணில் தண்ணீர்.

"அம்மா, என்னால முடியல. கனக்குறா."

"சுண்டு, கையை எடு!"

"விட்டா விழுந்துடுவா. நீதான் அழிச்சுட்டே. அடுத்தது பிடிக்க முடியல அவளால."

கைகள் அன்று போலவே மரத்துப்போகத் தொடங்கின. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு. அதே கூடம், அதே இடம். அவள் கிராதியைப் பார்த்தாள். கீழேயிருந்து, நேராக, முதல் தடவையாக முழுதாகப் பார்த்தாள். கோடியிலிருந்து நடை நெடுக ஏழு. பிறகு படியோடு இறங்கி இறங்கி, கடைசிப் படிவரை பத்து. அந்தப் பத்தில் மேலே மூன்று வெள்ளையாகத் தேய்ந்திருந்தன. அவள் இத்தனை நாளும் அது நெருங்கி வருகிறது, உள்ளே வருகிறது என்றே நினைத்திருந்தாள். அது இறங்கிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. பழைய கால்கள் ஒரு சின்னக் கை தாவிப் பிடிக்க முடியாத தூரத்தில், மொழுமொழுவென்று நின்றதால், இருந்த இடத்திலேயே வருஷக் கணக்காகப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நடுவே கால் வந்ததும், பிடி வந்ததும், ஒவ்வொன்றாக மாறி மாறித் தரைக்கு வரப் பார்த்தது. பாதி வழியில் அவள்தான் பிடியை அழித்தாள்.

மேலே ஓடலாம். பதினான்கு படி. சுண்டுவின் கையை உருவி எடுக்கலாம். எடுத்தால் மற்றது விழும்.

அவள் ஓடவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுச் சுண்டுவின் கைக்கு நேர் கீழே போய் நின்றாள். மரத்துப்போன கைகளை, தன்னுடையவையா என்று கேட்காமல், மேலே தூக்கினாள்.

"சுண்டு, விட்டுடு. அம்மா கீழ இருக்கேன்."

"பிடிச்சுப்பியா?"

நான்கு மாதத்தில் யாரும் இதை அவளிடம் கேட்கவில்லை. எல்லோரும் பதிலைத் தாங்களே வைத்திருந்தார்கள்.

"பிடிச்சுப்பேன்," என்றாள்.

சுண்டு விரல்களைத் திறந்தாள்.

பாரம் வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் வந்தது. முழங்கால் மடங்கி, தோள் வரை அதிர்ந்தது. தூக்கத்தில் இருக்கும் குழந்தை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பழைய தூசியின் வாடையும் வார்னிஷ் வாடையும் மூக்கில் ஏறின. அவள் கழுத்தைச் சுற்றி எதுவோ இறுகியது. நான்கு மெல்லிய விரல்கள் பிடரியில் அழுந்தின. மாதிரிக் காலில் எந்த அளவில் பார்த்தாளோ அதே அளவு.

அப்போதுதான் வாசற்கதவு திறந்திருப்பதைக் கவனித்தாள். நாத்தனார் நின்றிருந்தாள், ஒரு செருப்பைக் கழற்றி, ஒன்றைக் கழற்றாமல். மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். மேலே குழந்தை குப்புறக் கிடக்க, கீழே வெறுங்கையை ஏந்திக்கொண்டு நிற்கும் தம்பி மனைவியைப் பார்க்கிறாள்.

கைகளைக் கீழே போட்டுவிடலாம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஒட்டடை அடிச்சேன் அண்ணி," என்று சொல்லலாம். இன்னும் நேரம் இருந்தது. சுண்டு அவளுக்கே கிடைக்க ஒருவேளை அந்த ஒரு பொய் போதும். ஆனால் கழுத்தில் இருந்த பிடி இன்னும் தளரவில்லை. எத்தனை வருஷமாகவோ விடாமல் பிடித்த கை அது. இப்போது அவளை நம்பிப் பிடித்திருந்தது.

அவள் நாத்தனாரைப் பார்த்தபடியே மெதுவாகக் குனிந்தாள். ஒரு கை முதுகில், ஒரு கை தொடைக்கு அடியில். பாதங்கள் தரையில் படும்வரை குனிந்தாள். பட்டதும் உடனே விடவில்லை. நிற்கப் பழகாத பாதங்கள், தடுமாறும் என்று சற்று நேரம் இடுப்பைப் பிடித்திருந்தாள். பிடரியில் ஒவ்வொரு விரலாக விலகியது.

கூடத்துத் தரையில் சத்தம் எதுவும் இல்லை. வாசல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. நாத்தனார் சட்டென்று கதவோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு. சின்ன ஆள் ஒன்று போகிற அளவுக்கு வழி விட்டிருந்தாள். ஏன் ஒதுங்கினோம் என்று அவளுக்கே பிறகுதான் தோன்றியிருக்க வேண்டும். விழித்தபடி வெளியே பார்த்தாள். மழையில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"போயிட்டா," என்றாள் சுண்டு மேலேயிருந்து. கையை உள்ளே இழுத்துத் தேய்த்துக்கொண்டு, தடதடவென்று படியிறங்கி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நாத்தனார் கழற்றாத செருப்போடு கூடத்துக்குள் வந்து, கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சேலை ஓரத்தை மடியில் இழுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் நான்கு இடங்களில் வார்னிஷ் பிசுபிசுத்தது.

"அண்ணி," என்று ஆரம்பித்தாள் அவள்.

"நீ ஒண்ணும் சொல்லாதே." நாத்தனார் பிசுபிசுத்த ஓரத்தைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். பிறகு, மூச்சு சீரானதும், வழக்கமான தன் குரலைத் தேடி எடுத்தாள். "என் கண்ணாடி எங்கேன்னு பாரு. ஒரு சீட்டுதான் போடப்போறேன், அதுக்கும் கண்ணாடி இல்லாம அந்தக் கவுண்டர்ல நின்னா அவன் என்னை வேற ஊருக்கு அனுப்பிடுவான்."

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் வாசல்வரை போய், கதவின் மேல் கையை வைத்து நின்றாள்.

"இதைச் சாத்தட்டுமா?"

அவள் சுண்டுவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும் அண்ணி," என்றாள்.